இல்லாத தேன்

தேன் ஊற்றிக் காய்ச்சிய பீர் இனிக்காது. வீட்டில் பீர் காய்ச்சப் பழகுகிறவர்கள் பலரும் இரண்டாவது மூன்றாவது தடவையிலேயே தேன் புட்டியைக் கையில் எடுத்துவிடுவார்கள். தேன் போட்டால் இனிப்பாக, கொழகொழவென்று, பொன்னிறமாக ஏதோ வரப்போகிறது என்ற எண்ணம். ஒரு மாதம் கழித்துக் குடித்துப் பார்த்தால் வழக்கமான பீரைவிட வறண்டு, மெலிந்து, கொஞ்சம் தண்ணியாகக்கூட இருக்கும். போதை மட்டும் ஒரு படி கூடுதல். "தேன் எங்கப்பா போச்சு?" என்று கேட்காதவர்கள் குறைவு.

எங்கே போயிற்று என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, 17 அல்லது 18 சதவீதம் தண்ணீர். அந்தச் சர்க்கரையிலும் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும்தான். ஈஸ்ட்டுக்கு இது பிசைந்து வாயில் ஊட்டிவிட்ட சோறு. பார்லி மால்ட்டிலிருந்து வரும் வோர்ட் அப்படியில்லை. அதில் ஈஸ்ட்டால் கடிக்க முடியாத டெக்ஸ்ட்ரின்கள் கொஞ்சம் எப்போதும் மிச்சமிருக்கும். பீரை வாயில் வைக்கும்போது உணரும் அந்தக் கனம் அவற்றால் வருவது. தேனில் மிச்சம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் கிடையாது.

வழக்கமான வீட்டு அளவு 5 கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர். அதில் ஒரு பவுண்ட், சுமார் 450 கிராம் தேன் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் சர்க்கரை 360 கிராம். நொதித்தலில் சர்க்கரையின் எடையில் பாதிக்குச் சற்று மேல் ஆல்கஹாலாகிறது. மீதி கரியமில வாயு. ஆக, 170 கிராமுக்கு மேல் உங்கள் சமையலறைக் காற்றில் 'ப்ளக், ப்ளக்' என்று ஏர்லாக் வழியாக வெளியேறிவிடுகிறது. எஞ்சிய 180 கிராம் ஆல்கஹால் பார்லி தந்த ஆல்கஹாலோடு கலந்துவிடுகிறது. இரண்டும் ஒரே மூலக்கூறு. தேனில் கரும்புச் சர்க்கரையையோ சோளச் சிரப்பையோ கலந்து விற்கிறார்களா என்று பார்க்க கார்பன் ஐசோடோப் சோதனை ஒன்று உண்டு. கரும்பும் சோளமும் சூரிய ஒளியைப் பிடிக்கும் விதம் வேறு என்பதால் அந்தச் சோதனை வேலை செய்கிறது. தேனீக்கள் நாடும் பூக்களில் பெரும்பாலானவையும் பார்லியும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. அதனால் அந்தச் சோதனையை வைத்துக்கொண்டு 'இது தேன் தந்த ஆல்கஹால், இது பார்லி தந்தது' என்று பிரிக்க வழியில்லை.

கொஞ்சம் நியாயமாகப் பேசவேண்டும் என்றால், ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்பது மிகை. மகரந்தத் துகள்கள் ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் படியும். கொதிக்கிற வோர்ட்டில் ஊற்றாமல், முதல் நொதித்தலின் வேகம் அடங்கிய பிறகு ஊற்றினால், பூவின் வாசனை ஓரளவு தங்கும். நான் இருக்கும் ஆரகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில், மெடோஃபோம் என்றொரு செடியின் தேன் கிடைக்கிறது. விதை எண்ணெய்க்காகப் பயிரிடும் செடி. தேன் சாட்சாத் மார்ஷ்மெல்லோ மாதிரியே மணக்கும். அதைப் பின்னால் சேர்த்தால் கோப்பையின் விளிம்பில் மூக்கை வைக்கும்போது ஒரு கணம் அந்த மணம் வரும். வாயில் தேடினால் கிடைக்காது.

தேனைப் பின்னால் ஊற்ற எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்படிச் செய்கிறேன் என்று அப்பாவிடம் ஃபோனில் சொன்னபோது, "தேனை யாராச்சும் கொதிக்க வைப்பாங்களாடா? வெஷம்!" என்றார். ஆயுர்வேதமும் நம் வீட்டுப் பாட்டிகளும் சொல்வது அதுதான்: தேனைச் சூடு பண்ணக்கூடாது. பீர் காய்ச்சுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேனைக் கொதிக்க வைப்பதுதான் அவருக்குப் பிரச்சினை.

இங்கே இதைச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, ஒருவர் வருடத்துக்கு 100 கேலன், பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீடு 200 கேலன், விற்காமல் காய்ச்சிக் குடிக்கலாம். அப்படியும் மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 வரை விடாப்பிடியாக இருந்தன. தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. அரசு விற்கலாம், நீங்கள் காய்ச்சக்கூடாது.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் பின்னால் படித்த பெண், இப்போது இதே ஊரில் வேலை பார்க்கிறாள். சில வருடங்களாக வீகன். கோப்பையை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "இதுல தேன் இருக்காண்ணா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல" என்று ஆரம்பித்து, மேலே சொன்ன கணக்கையெல்லாம் சொன்னேன். ஃப்ரக்டோஸ், ஈஸ்ட், ஏர்லாக், ஐசோடோப் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரி, கேள்வியை மாத்திக் கேக்கறேன். இதுக்காகத் தேன் எடுத்தாங்களா இல்லையா?" என்றாள். எடுத்தார்கள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். கோபமெல்லாம் இல்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி பல வாரங்கள் கூடவே வந்தது.

ஒரு பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதற்குள் என்ன இருக்கிறது? இதற்காக என்ன நடந்தது? என் போன்ற தொழில்காரனுக்கு முதல் கேள்விதான் இயல்பாக வரும். ஓடுகிற நிரலில் இல்லாத வரியைப் பற்றிக் கவலைப்படாதே என்று பழக்கப்பட்டவன். உணவுச் சட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான் யோசிக்கின்றன. செய்முறைக்கு உதவிவிட்டு விலகிப்போகும் பொருளை அவை உட்பொருளாக எண்ணுவதில்லை. பீரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் பீரைத் தெளியவைக்கப் போடுவார்கள். அது மிதக்கும் ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். மேலே தெளிந்த பீரில் அது அநேகமாக இருக்காது. இருந்தாலும் சைவக்காரர்களும் வீகன்களும் அந்தப் பீரைத் தொடமாட்டேன் என்றார்கள். கின்னஸ் நிறுவனம் 2015இல், இனி மீன் பையைப் பயன்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. கோப்பையில் இல்லாத மீனுக்காக, இருநூற்றைம்பது வயதுக்கு மேலான ஒரு நிறுவனம் தன் செய்முறையை மாற்றிக்கொண்டது.

இதை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. தடுத்தது வெள்ளை மாளிகை.

2009இல் வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் ஒரு தேனீப் பெட்டி வைக்கப்பட்டது. அங்கே தச்சராக வேலை பார்த்த சார்லி பிராண்ட்ஸ் என்பவர் தேனீ வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், அவர் பொறுப்பில். 2011இல் ஒபாமா தன் சொந்தப் பணத்தில் பீர் காய்ச்சும் சாமான்கள் வாங்கிக்கொடுக்க, சமையல்கூடத்தில் இருந்தவர்கள் அந்தத் தேனைப் போட்டுப் பீர் காய்ச்சினார்கள். செய்முறையை வெளியிடச் சொல்லி மக்கள் மனு போட்டார்கள். 2012 செப்டம்பரில் ஹனி பிரவுன் ஏல், ஹனி போர்ட்டர் இரண்டின் செய்முறையும் வெளியாயிற்று. தங்களுக்குத் தெரிந்தவரை அந்த வளாகத்தில் காய்ச்சப்பட்ட முதல் மது இதுதான் என்றார்கள். நாடு முழுக்க வீடுகளில் அதைக் காய்ச்சிப் பார்த்தார்கள். நானும் ஒரு முறை காய்ச்சியிருக்கிறேன்; நல்ல, சாதாரணமான பீர்.

அந்தப் பீருக்கு அத்தனை மவுசு எதனால்? ருசியால் இருக்க வாய்ப்பில்லை. கடைத் தேன் போட்டுக் காய்ச்சியிருந்தால் ருசியில் பெரிய மாற்றம் வந்திருக்காது. அந்தத் தேன் அந்தப் புல்வெளியிலிருந்து வந்தது என்பதுதான் விஷயம். கோப்பைக்குள் அந்தத் தேனின் சர்க்கரை கொஞ்சமும் இல்லை, ஆனாலும் குடித்தவர்கள் 'வெள்ளை மாளிகைத் தேன்' என்று மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி அசட்டுத்தனம் என்று நான் நினைக்கவில்லை. பாட்டி கையால் அரைத்த மாவு, சொந்த வயலின் அரிசி, இதெல்லாம் ருசியைத் தாண்டியும் நமக்கு ஏதோ ஒன்று. நடந்தது பொருளோடு கூடவே வருகிறது என்று நம்புவதால்தான் இப்படியெல்லாம் சந்தோஷப்படுகிறோம். அப்படியென்றால் என் தோழி கோப்பையைக் கீழே வைத்ததையும் அதே நம்பிக்கையால்தான் புரிந்துகொள்ள முடியும். பெருமை மட்டும் பொருளோடு வரும், பாரம் மட்டும் ஏர்லாக் வழியாகப் போய்விடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு சங்கதியும் உண்டு. 'ஹனி மால்ட்' என்று கனடாவில் தயாராகும் ஒரு மால்ட் இருக்கிறது. முளைகட்டிய பார்லியைக் காற்றைக் குறைத்து வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். அதில் ஒரு சொட்டுத் தேனும் கிடையாது. ஆனால் பீரில் கால் கிலோ போட்டால் போதும், குடிப்பவர் எல்லோரும் "ஆஹா, தேன்!" என்பார்கள். தேன் போட்ட பீரில் தேன் தெரிவதில்லை. தேன் தெரிகிற பீரில் தேன் போடவில்லை. அனுபவமுள்ளவர்கள் ரெண்டையும் போட்டுவிடச் சொல்வார்கள்: பெயருக்கு இது, நாக்குக்கு அது. வியாபாரத்துக்குச் சரி. எனக்கு அந்த யோசனையைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். கூடவே, அப்படியென்றால் அந்த ஒரு பவுண்ட் தேன் எதற்காக, என்ற கேள்வியும்.

அந்த ஒரு பவுண்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுளில் ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தேன் சேர்க்கும் என்பார்கள். அதை வைத்துப் பார்த்தால் என் 19 லிட்டருக்குள் போனது ஏறக்குறைய 800 தேனீக்களின் முழு ஆயுள் உழைப்பு. 'உழைப்பு' என்று சொன்னதும் நாம் மனிதக் கூலியை நினைத்துக்கொள்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். தேனீக்குக் கூலி என்ற எண்ணம் இல்லை. நாம் எடுப்பதைத் திருட்டு என்று அது நினைப்பதாகவும் சொல்ல முடியாது. அது செய்தது குளிர்காலத்துக்கான சேமிப்பு, அவ்வளவுதான்.

சேமிப்பை எடுப்பதுதான் தவறென்றால் பார்லிக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு பார்லி மணியும் தன் முளைக்காகத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோற்றுமூட்டை. மால்ட் செய்பவர் அதை நனைத்து, 'மழை வந்துவிட்டது, முளைக்கலாம்' என்று நம்பவைத்து, மூட்டையை அது அவிழ்க்கத் தொடங்கியதும் சூளையில் போட்டு முளையைக் கொன்றுவிடுகிறார். எந்தப் பீரும் இப்படித்தான் தொடங்குகிறது. ஏமாற்றியது கொன்றது எல்லாம் இதில்தான் அதிகம். யாரும் இதற்காக வருந்துவதில்லை, நானும் இல்லை. ஏனென்றால் இழந்ததை உணர அங்கே யாரும் இல்லை என்று நம்புகிறோம். தேனீ விஷயத்தில் அந்த நம்பிக்கை இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. 2022இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பம்பிள்பீ என்ற வகை வண்டுத்தேனீக்கள் சின்ன மரப்பந்துகளை, எந்தப் பரிசும் இல்லாமல், திரும்பத் திரும்ப உருட்டியதைப் பதிவு செய்தார்கள். விளையாட்டு என்று சொல்லக்கூடிய அளவுக்கு. நம் தேன்பெட்டியில் இருப்பது வேறு இனம், ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பார்லி மணியோடு தேனீயை ஒரே வரிசையில் நிறுத்த இனி எனக்குத் தயக்கம்.

இந்தத் தயக்கம் புதிதல்ல. சமணம் ஊன், மது, தேன் மூன்றையும் ஒரே மூச்சில் விலக்கியது. சமண இல்லறத்தாருக்கான அடிப்படை விரதங்களிலேயே இது வந்துவிடும். அந்தக் கணக்கில் தேன் ஊற்றிய பீர் ஒரே கோப்பையில் இரண்டு குற்றம். வேடிக்கை என்னவென்றால் சொற்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. சமஸ்கிருதத்தில் 'மது' தேனும்தான், மதுவும்தான். ஆங்கிலத்தின் 'மீட்' என்ற தேன்மதுவும் அதன் உறவுச் சொல். பழந்தமிழில் நறவு, கள் இரண்டுமே பூவின் தேனையும் குறிக்கும், குடிக்கும் கள்ளையும் குறிக்கும். திருமுருகாற்றுப்படையில் மலைக்குறவர்கள் குடிப்பது மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கள். தேன் நொதிக்கத்தானே செய்யும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

தேனை விலக்கியவர்கள் காலத்தில் தேன் எடுப்பது என்றால் பெரும்பாலும் அடையைப் பிய்த்துப் பிழிவது, கூட்டை அழிப்பது. ஐரோப்பாவிலும் கூடைக்குக் கீழே கந்தகம் எரித்து மொத்தக் கூட்டத்தையும் கொன்றுதான் பல இடங்களில் எடுத்தார்கள். 1852இல் அமெரிக்காவின் லொரென்சோ லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒரு பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். தேனீக்கள் சுமார் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அதை மெழுகாலோ பிசினாலோ அடைக்காமல் நடைபாதையாக விட்டுவிடும் என்பதைப் பார்த்து, அந்த இடைவெளியோடு சட்டங்களைத் தொங்கவிட்டார். சட்டத்தை உருவலாம், தேனை எடுக்கலாம், திருப்பி வைக்கலாம். கூட்டம் சாக வேண்டியதில்லை. ஒரு அறநூல் மாற்ற முடியாததை ஒரு மரப்பெட்டியின் இடைவெளி மாற்றியது என்று நினைக்கும்போது எனக்குள் இருக்கும் பொறியாளனுக்குக் கொஞ்சம் கர்வம் வரும். அதே பெட்டி இருந்ததால்தான் தேனீக்களை லாரியில் ஏற்ற முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பிப்ரவரியும் அமெரிக்காவின் தேன்பெட்டிகளில் பாதிக்கு மேல் கலிஃபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்குப் பயணம் போகின்றன. நான் இதைத் தோழியிடம் கொஞ்சம் கிண்டலாகச் சொல்லப்போய், "பாதாம் பாலை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா. இப்ப ஓட்ஸ்" என்று பதில் வந்தது.

இந்த ஊர் உழவர் சந்தையில் நான் தேன் வாங்குபவர் நாற்பது பெட்டி வைத்திருக்கிறார். குளிர்காலத்தைத் தாண்ட ஒரு கூட்டத்துக்கு 25, 30 கிலோ தேனாவது உள்ளே இருக்கவேண்டும், அதற்கு மேல் இருந்தால்தான் கை வைப்பேன் என்பார். சிலர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றுவார்கள். இவர் போல எடுத்தால் எடுப்பது தவறில்லை என்பதுதான் என் கட்சி. பெட்டி, நிழல், நோய்க்கு மருந்து எல்லாம் கொடுத்து உபரியை எடுப்பது கொள்ளை ஆகாது. தோழி ஒப்புக்கொள்ள மாட்டாள். கேட்டுவிட்டு எடுப்பதில்லையே, பதில் சொல்ல முடியாதவரிடம் 'உபரி' எவ்வளவு என்று நாமே முடிவு செய்கிறோமே என்பாள். அதில் உண்மை இருக்கிறது, அதனால் என் கட்சி பொய்யாகிவிடுவதாகவும் நான் நினைக்கவில்லை.

ஆனால் எடுக்கலாம் என்று ஆனபிறகும் இன்னொன்று பாக்கி நிற்கிறது. எடுத்ததை எதில் செலவழிப்பது? பீரை மெலிதாக்கி, வறளவைத்து, ஆல்கஹாலைக் கூட்டுவதுதான் தேனின் வேலை என்றால் அதைச் சோளச் சர்க்கரை விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்துவிடும். பெல்ஜியத்துக்காரர்கள் தங்கள் வலுவான பீர்களில் காலகாலமாகச் சர்க்கரையைத்தான் போடுகிறார்கள். அந்தப் பீர்களை யாரும் குறை சொல்வதில்லை. தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டால் 800 தேனீக்களின் வேலை நாக்கில் தெரியும். கொதிக்கிற வோர்ட்டில் ஊற்றிவிட்டு, ருசிக்கு ஹனி மால்ட் போட்டு, மேலே தேனீ படம் போட்ட லேபிளை ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே தேன் செலவானது லேபிளில் ஒரு சொல்லுக்காக. மெடோஃபோமைப் பின்னால் சேர்த்து அந்த ஒரு கண மணத்துக்காகக் காத்திருப்பது வேறு. மொத்தச் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேனாகப் போட்டு, பீருக்கும் தேன்மதுவுக்கும் நடுவில் நிற்கும் பிராகட் என்ற பழைய பானத்தைக் காய்ச்சி ஆறு மாதம் வைத்திருப்பதும் வேறு. சாஸருடைய காலத்து ஆங்கிலேயர்களுக்கே அது தெரிந்த பானம். அதில் தேன் தான் இருப்பதை மறைப்பதில்லை. இந்த இரண்டுக்கு மட்டும் தேன், மற்றதற்கெல்லாம் சோளச் சர்க்கரை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தோழியிடம் இந்த விதியைச் சொல்லவில்லை. சொன்னாலும் அது அவள் கேள்விக்குப் பதிலாகாது. தேன் தெரிகிறதா என்று அவள் கேட்கவே இல்லையே.

பவேரியாவில் 1516இல் வந்த தூய்மைச் சட்டம் பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்று மட்டுமே இருக்கலாம் என்றது. வேலை செய்கிற ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. அன்று அப்படி ஒரு உயிர் இருப்பதே யாருக்கும் தெரியாது. தேனைத் தடுத்தது ரொட்டிக்கான கோதுமையைக் காப்பாற்றவும் விலையைக் கட்டுப்படுத்தவும் வந்த ஒரு சட்டத்தின் பக்கவிளைவு, தேனீயின் மேலிருந்த பரிவு அல்ல. ஆனால் சமீபத்தில் ஒன்று உறைத்தது. பார்லி தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளும் பயிர். ஹாப்ஸ் கொடியின் மகரந்தத்தைச் சுமப்பது காற்று. அதிலும் பீருக்கு வேண்டியது சூல்கொள்ளாத பெண் கொடியின் கூம்புகள்தான், வேர்த்தண்டை வெட்டி நட்டே வளர்ப்பார்கள். அந்தப் பழைய மூன்று பொருள் பீருக்கு ஒரே ஒரு தேனீகூடத் தேவையில்லை. தோழி குடித்த ஆரஞ்சு ஜூஸைப் பற்றிக்கூட அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது, தோப்புப் பக்கத்தில் பெட்டிகள் வைப்பார்கள். அடுத்த மாதம் அவள் வருகிறாள். பில்ஸ்னர் மால்ட்டும் வில்லமெட் ஹாப்ஸும் வாங்கி வைத்திருக்கிறேன். தெளியவைக்கப் பாசி.